என் கைக்கு மட்டும் திறந்த லேப்டாப்

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது வம்பை விலைக்கு வாங்குவது. நாலு வார்த்தையோடு அவன் நிறுத்தமாட்டான். நீங்களும் டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

எந்த மெஷினுக்கு எந்த டிரைவர், எந்த பைலை எங்கிருந்து இறக்குவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் வாடிக்கையாளர் பார்க்காத நேரத்தில் போனில் தேடிக்கொள்வீர்கள், நானும் அப்படித்தான் பிழைத்தேன். நான் சொல்ல வந்தது, எல்லாம் சரியாக இருந்தும் எதுவும் சரியாக நடக்காத ஒரு நாளைப் பற்றி. அன்றைக்கு நான் குழம்பிய குழப்பத்தை நினைத்தால் இப்போதும் தலையைச் சொறிந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். பாண்டி பக்கம் வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர். காட்டேரிக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர், புது மெஷின் வாங்கினால் நான் வந்து முதல் பட்டனை அழுத்தும்வரை யாரையும் தொடவிடமாட்டார். செலியமேட்டில் ஒரு மில்லில் கம்ப்யூட்டர் நின்றுபோய், நான் போய் சும்மா பிளக்கைத் தொட்டதும் ஓடியது. பிளக் லூசாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள், கைராசி என்றுதான் சொல்வார்கள். நானும் இல்லை என்று மறுத்ததில்லை. புகழ்ச்சி என்றால் எனக்குக் கொஞ்சம் பலவீனம் உண்டு.

அந்தக் கைராசிதான் என்னைச் சுல்தான்பேட்டையில் ஒரு வீட்டில் உட்கார வைத்து வேடிக்கை பார்த்தது.

வில்லியனூர் சுல்தான்பேட்டையில் ஒரு பாய் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். ஆணி, பெயிண்ட், குழாய், தாழ்ப்பாள், எல்லாம் கிடைக்கும். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நீங்களும் ஹார்டுவேரு, நானும் ஹார்டுவேரு, ஒங்களுக்கு மட்டும் எப்படி சார் ஏ.சி. ரூமு?" என்று கேட்பார். எங்கள் சர்வீஸ் சென்டரில் ஏ.சி. இருப்பது கம்ப்யூட்டர்களுக்கே ஒழிய எங்களுக்கு இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் நம்பமாட்டார்.

அவருடைய மனைவி ரஹிமா, தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தவர். மாமனார் படுத்த படுக்கையானதும் அவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டார். அவர் காலமான பிறகு திரும்பப் போய்க் கேட்டபோது அந்த இடத்தில் வேறு ஆள் இருந்தார். வேறு பள்ளிகளில் கேட்டார், இவ்வளவு நாள் இடைவெளி விட்டுவிட்டீர்களே என்றார்கள். அப்போதுதான் பிரான்சிலிருந்து ஒரு வாய்ப்பு வந்தது. இங்கிருந்து போய் அங்கே குடியிருக்கும் குடும்பங்கள் சேர்ந்து, தங்கள் பிள்ளைகளுக்கு வார இறுதியில் தமிழ் வகுப்பு நடத்துகிறார்கள். இங்கிருந்தபடியே ஆன்லைனில் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மாதிரி வகுப்பு. இன்னும் சில பேரும் நடத்துகிறார்கள், அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவார்கள். படம் காட்டி, எழுதிக் காட்டி நடத்த வேண்டும் என்பதால் போன் வேண்டாம், லேப்டாப்பில்தான் வரவேண்டும் என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

லேப்டாப் இருந்தது. பாயின் தங்கை பிரான்சில் இருக்கிறார். போன தடவை வந்தபோது சாக்லேட், சென்ட் பாட்டிலோடு அவர் பழைய லேப்டாப்பையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் பக்கம் இது புதிதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரைச் சொல்தா என்பார்கள். சொல்தா வீடு, அங்கே சம்பந்தம் செய்த வீடு என்று தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். அங்கே பழசானது இங்கே புதுசு.

அந்த லேப்டாப் வெள்ளிக்கிழமை படுத்துவிட்டது. ஆன் செய்தால் நீலத் திரை, அதற்கு மேல் நகரவில்லை. பாய் கூப்பிட்டார், போனேன். உள்ளே இருந்த பாடங்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு ஓ.எஸ். புதிதாகப் போடுவது என்று முடிவு செய்தேன்.

இன்ஸ்டால் தொடங்கியதும் முதல் குழப்பம். திரையில் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது, கீபோர்டு அசையமாட்டேன் என்கிறது. எண்டர் தட்டினால் சுவரைத் தட்டுவதுபோல இருந்தது. இப்படி வந்தால் பயப்படாதீர்கள். சில லேப்டாப்புகளுக்கு இன்ஸ்டால் நடக்கும்போது சொந்தக் கீபோர்டே அடையாளம் தெரியாது, வேலை முடிந்த பிறகுதான் தெரியும். நான் எப்போதும் பையில் ஒரு யு.எஸ்.பி. கீபோர்டு வைத்திருப்பேன். அதைச் செருகினேன், வேலை நடந்தது. எந்த நாடு என்று கேட்டது, இந்தியா என்றேன். எந்தக் கீபோர்டு என்று கேட்டது, வழக்கம்போல இங்கிலீஷ் என்றேன். கை தானாகப் போய்த் தட்டிவிட்டது.

பாஸ்வேர்டு போடும் கட்டம் வந்ததும் என் கீபோர்டை டீச்சர் பக்கம் நகர்த்திவிட்டு, சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்கத் தொடங்கினேன். வாடிக்கையாளர்தான் பாஸ்வேர்டு அடிக்க வேண்டும், நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இது எங்கள் சென்டரில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பழக்கம், இதை நீங்களும் விடாதீர்கள்.

டீச்சர் ஒரு விரலால் தேடித் தேடி அடித்தார். நடுவில், "சார், ஒங்க போர்டுல எழுத்தெல்லாம் இடம் மாறி இருக்குது" என்றார்.

"எல்லாம் அங்கதான் இருக்கும் டீச்சர். தேடி அடிங்க" என்றேன், காலண்டரைப் பார்த்தபடியே.

புதிதாகக் கம்ப்யூட்டரில் உட்காருகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான் இது. ஏ, பி, சி வரிசையாக இல்லையே என்பார்கள். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். இரண்டு முறை அடிக்கச் சொல்லும், இரண்டும் பொருந்தியது, மெஷின் ஏற்றுக்கொண்டது. வேலை முடிந்து மெஷின் எழுந்தபோது அதே போர்டில் டீச்சர் அடித்துத் திறந்தார். லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டும் உயிர் பெற்றிருந்தது. அதைச் சோதிக்க ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, நான் எப்போதும் அடிக்கும் பயிற்சி வரிகளை அடித்தேன். பாகூரில் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் கற்றவன் நான். லோயர், ஹையர் இரண்டும் முடித்தேன். அங்கே எங்கள் மாஸ்டர் விசைகளின் மேல் அட்டையை வைத்து மூடிவிடுவார், குனிந்து பார்த்தால் விரலில் ஸ்கேல் விழும். அன்றிலிருந்து இன்றுவரை கீபோர்டை நான் குனிந்து பார்த்ததில்லை. திரையில் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் வந்தது. என் போர்டின் வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, நிம்மதியாகக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் செலியமேட்டில் வேறொரு வேலையில் இருந்தேன். பாய் போன் செய்தார்.

"சார், தொறக்கமாட்டேங்குது. பாஸ்வேர்டு தப்புன்னுது."

"கேப்ஸ் லாக் எரியுதா பாருங்க பாய்."

"எரியல சார்."

"மெதுவா அடிக்கச் சொல்லுங்க."

"மெதுவாத்தான் சார் அடிக்குது. இதுக்கு மேல மெதுவா அடிச்சா மறுநாளாயிடும்."

இன்னும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மதியம் வகுப்பு என்பது எனக்கும் தெரியும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கரிக்கலாம்பாக்கம் வழியாக வில்லியனூர் வந்து சேர்ந்தேன்.

டீச்சர் வகுப்புக்காக நல்ல புடவை உடுத்தி, தலையில் முக்காடு சரிசெய்து தயாராக இருந்தார். முகத்தில் மட்டும் களை இல்லை. பாயின் அம்மா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து தஸ்பீ மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அடிங்க டீச்சர்" என்றேன். அடித்தார். தவறு என்றது.

என் போர்டைச் செருகினேன். "இதுல அடிங்க." அடித்தார், திறந்தது.

அப்படியானால் லேப்டாப் கீபோர்டில் ஏதோ விசை கெட்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன். வெற்றுப் பக்கத்தைத் திறந்து, லேப்டாப் கீபோர்டிலேயே எல்லா எழுத்தும் வரும்படி அடித்துப் பார்த்தேன். எல்லாம் வந்தது, ஒன்றுகூடக் கெடவில்லை. என் போர்டைப் பிடுங்கிவிட்டு மெஷினை அணைத்துப் போட்டேன். டீச்சர் அடித்தார். தவறு.

"பதட்டத்துல விரல் பக்கத்து எழுத்து மேல விழுதோ என்னவோ" என்று சொல்லிவிட்டேன்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. "சார், நான் சொல்லிக்கினே அடிக்கிறேன், நீங்களே பாருங்க. பாஸ்வேர்டு ஒங்களுக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்ல. மழைன்னு போட்டிருக்கேன், இங்கிலீஷ் எழுத்துல" என்றார். இப்போது அவர் அதை மாற்றிவிட்டார், அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

"எம்," என்று சொல்லி ஒரு விசையை அழுத்தினார். "ஏ." அழுத்தினார். "இசட்." அழுத்தினார். "எச், ஏ, ஐ." அவர் சொல்லச் சொல்லத் திரையில் புள்ளிகள் விழுவதை நான் உன்னிப்பாகப் பார்த்தேன். ஆறு எழுத்துக்கு ஆறு புள்ளி. கணக்கு சரிதான். எண்டர் தட்டினார், தவறு என்றது.

பாய் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். அவரும் குனிந்து, எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். தவறு.

"நகருங்க" என்று நான் உட்கார்ந்தேன். திரையைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். திறந்தது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பூட்டிவிட்டு டீச்சரை அடிக்கச் சொன்னேன், திறக்கவில்லை. நான் அடித்தேன், திறந்தது. அதே கீபோர்டு, அதே வார்த்தை, அதே நாற்காலி. மனுஷன் மட்டும்தான் வேறு. இத்தனை வருஷ சர்வீஸில் ஆளைப் பார்த்துத் திறக்கும் பாஸ்வேர்டை நான் கண்டதில்லை. விரல் சூடு, விரல் ஈரம் என்று என்னென்னவோ யோசனை ஓடியது. டீச்சர் போட்டிருந்த மோதிரத்தைக் கழற்றச் சொன்னேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றினார், அப்போதும் திறக்கவில்லை.

பாயின் அம்மா மணியை நிறுத்திவிட்டுச் சொன்னார். "இதுல குழப்பிக்க இன்னா இருக்குது? அவருக்குக் கைராசி. ஊருக்கே தெரியும். ஒங் கைய வெச்சா தொறக்காது, அவரு கைய வெச்சா தொறக்கும்."

அந்த அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என்னைப் புகழ்வதாகத்தான் நினைத்தார். ஒரு நொடி எனக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது, அதையும் மறைக்கமாட்டேன். ஆனால் டீச்சர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஆமா மாமி. என் கைக்கு எதுவுமே தொறக்கமாட்டேங்குது" என்றார். "ஸ்கூலும் தொறக்கல. இதுவும் தொறக்கல."

அந்தப் பெண் தன் கையையே நம்பாமல் போவதற்கு என் கைராசி காரணமாகிவிட்டதே என்று இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சென்டருக்குப் போன் செய்தேன். அங்கே இருந்த பையன் கேட்டுவிட்டு, "குழம்பாதீங்க சார், மறுபடியும் ஓ.எஸ். போட்டுடுங்க" என்றான். நம் தொழிலில் இது பெரிய ஆறுதல். புரியவில்லை என்றால் அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பென் டிரைவைக் கையில் எடுத்தும்விட்டேன். மணியைப் பார்த்தேன். போட்டு முடித்து, வகுப்புக்கு வேண்டியதை எல்லாம் ஏற்றுவதற்குள் இரண்டு மணி தாண்டிவிடும். அதோடு ஒரு கேள்வி உறுத்தியது. என்ன தவறு என்றே தெரியாமல் திரும்பப் போட்டால், போட்ட பிறகு அது சரியாகிவிடும் என்று எனக்கு யார் உத்தரவாதம் கொடுத்தது?

பென் டிரைவைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

"சார், நீங்களே தொறந்து குடுத்துட்டு, கிளாஸு முடியிற வரைக்கும் பக்கத்துலயே ஒக்காந்துக்கோங்களேன்" என்றார் பாய்.

அதுவும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. என் போர்டையே செருகிக் கொடுத்திருக்கலாம், அந்தக் குழப்பத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் திறந்து கொடுத்தேன். டீச்சர் வகுப்பு நடக்கும் இணையப் பக்கத்துக்குப் போனார். அது தன் பங்குக்கு ஒரு பாஸ்வேர்டு கேட்டது. அடித்தார், தவறு. மறுபடி அடித்தார், தவறு. இன்னும் ஒரு முறை தவறினால் இன்றைக்குக் கணக்கு பூட்டப்படும் என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது.

"நான் அடிக்கட்டுமா?" என்றேன்.

டீச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டார். "இத்த நீங்க அடிப்பீங்க சார். உள்ள போனதும் பசங்களுக்கு நான் எழுதிக் காட்டணுமே. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒங்களக் கூப்புடவா? வாத்தியார் நானா, நீங்களா?"

கேட்டது நியாயம். அந்த இடத்தில்தான் நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். பிள்ளைகளே, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அதுவரை நான் செய்ததெல்லாம், அவருக்கு நடக்காத வேலையை நான் செய்து பார்த்து, எனக்கு நடக்கிறதே என்று ஆச்சரியப்பட்டது மட்டும்தான். அவர் செய்யும்போது என்ன நடக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் புள்ளிகளை. புள்ளி எல்லா எழுத்துக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"டீச்சர், பாஸ்வேர்டை விடுங்க. பாடத்துல மொத வார்த்த இன்னா?"

"அம்மா."

"அத்த இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. பாஸ்வேர்டு கட்டத்துல வேண்டாம், இந்த வெறும் பக்கத்துல, கண்ணுக்குத் தெரியற மாதிரி."

அவர் குனிந்து, விசைகளைப் பார்த்து, நிதானமாக நான்கு முறை அழுத்தினார். "அடிச்சிட்டேன் சார்" என்றார், தலையை நிமிர்த்தாமலே.

திரையில் இருந்தது அம்மா இல்லை. ஒரு கியூ, அதன் பக்கத்தில் அரைப்புள்ளி, இன்னொரு அரைப்புள்ளி, மறுபடி ஒரு கியூ. இது எந்த ஊர் அம்மா என்று எனக்குப் புரியவில்லை.

"இன்னொரு தரம் அடிங்க."

மறுபடியும் கியூ, இரண்டு அரைப்புள்ளி, கியூ. இந்த முறை நான் திரையைப் பார்க்கவில்லை. அந்த மாஸ்டரின் ஸ்கேலையும் மறந்து, டைப்பிங் கற்ற நாளிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தேன். கீபோர்டைக் குனிந்து பார்த்தேன்.

இடதுபக்க மேல் வரிசையில் கியூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருந்தது. டபிள்யூ இருக்க வேண்டிய இடத்தில் இசட் இருந்தது. எம் தன் வீட்டை விட்டு வலது ஓரத்தில், அரைப்புள்ளி இருக்கும் இடத்துக்குக் குடிபோயிருந்தது. பிரெஞ்சுக் கீபோர்டு. பிரான்சில் விற்கும் எல்லாக் கீபோர்டும் அப்படித்தான் இருக்கும். பாண்டி டவுனில் சில ஆபீஸ்களில் நானே பார்த்திருக்கிறேன், அதைப் பற்றிப் பாடமே நடத்துவேன். அதே கீபோர்டு என் மூக்குக்குக் கீழே இரண்டு நாளாக இருந்திருக்கிறது, அதன் மேல் என் பத்து விரலும் ஓடியிருக்கிறது, நான் பார்க்கவில்லை.

இனி குழப்பம் ஒன்றும் இல்லை. விசையின் மேல் அச்சடித்திருப்பது பிரெஞ்சு வரிசை. உள்ளே நான் போட்ட ஓ.எஸ். நினைத்துக்கொண்டிருப்பது இங்கிலீஷ் வரிசை. டீச்சர் எழுத்தைப் பார்த்து அடிக்கிறவர், அதனால் ஏ என்று எழுதியிருப்பதை அழுத்தினால் உள்ளே கியூ போகிறது. நான் பார்க்காமல் இங்கிலீஷ் வரிசையில் விரலை வைக்கிறவன், எனக்கு ஏ சரியாக ஏ-வாகவே போகிறது. என்னுடைய யு.எஸ்.பி. போர்டில் அச்சும் இங்கிலீஷ், உள்ளேயும் இங்கிலீஷ், அதில் யார் அடித்தாலும் திறக்கும். அவர் கீபோர்டை மட்டும் பார்த்தார், நான் திரையை மட்டும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்த வீட்டில் ஆளே இல்லை.

"டீச்சர்," என்றேன், "நேத்து என் போர்டுல எழுத்து இடம் மாறி இருக்குதுன்னு சொன்னீங்களே."

"ஆமா சார். தேடி அடிங்கன்னீங்க."

"மாறி இருந்தது என்னுது இல்ல, ஒங்களுது. இல்ல, அதுவும் இல்ல. ரெண்டும் சரிதான். ஒங்க கையும் சரிதான்."

அவருக்குப் பாதி புரிந்தது. மீதியை விளக்க நேரம் இல்லை. செட்டிங்கில் போய் பிரெஞ்சு வரிசையைச் சேர்த்து, இங்கிலீஷை எடுத்துவிட்டு, மெஷின் திறக்கும் திரைக்கும் அதையே வைத்தேன். அந்தப் பையன் சொன்னபடி திரும்ப ஓ.எஸ். போட்டிருந்தால், என் கை மறுபடியும் இந்தியா, இங்கிலீஷ் என்றுதான் தட்டியிருக்கும், மறுபடியும் இதே கூத்துதான் நடந்திருக்கும்.

"இப்ப அடிங்க" என்றேன்.

வகுப்புக் கணக்கு பாஸ்வேர்டு கேட்டது, கடைசி வாய்ப்பு. டீச்சர் என்னைப் பார்த்தார். தவறினால் வகுப்புக்குள்ளேயே போக முடியாது. "நீங்க அடிங்க சார்" என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. பிஸ்மில்லா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். எண்டரை அழுத்துவதற்கு முன் கொஞ்சம் நிறுத்தினார், பிறகு அழுத்தினார். உள்ளே விட்டது.

பாய் சத்தமாக மூச்சு விட்டது கடைவரைக்கும் கேட்டிருக்கும். அங்கே தாழ்ப்பாள் வாங்க வந்த ஒருத்தர் வெகுநேரமாக "பாய், பாய்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாய் என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். வகுப்பு நடக்கும் இடத்தில் நாம் நின்றால் டீச்சருக்குக் கூச்சமாக இருக்கும் என்றார்.

கடையில் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். உள்ளே டீச்சரின் குரல் முதலில் கொஞ்சம் நடுங்கியது. "திரையில என்ன எழுதியிருக்கேன், சொல்லுங்க பார்ப்போம்." எங்கேயோ குளிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பிரெஞ்சு வாசனையோடு "அம்மா" என்றன. அதன் பிறகு குரல் நடுங்கவில்லை. கடைசியில் மழை என்ற வார்த்தை வந்தது. பிள்ளைகள் மலை என்றன. "மலை இல்லடா கண்ணா, நாக்கை மடிச்சுச் சொல்லு" என்று டீச்சர் ஒவ்வொருவரையும் சொல்ல வைத்தார். ஒரு பிள்ளைக்கு மட்டும் வரவே இல்லை. அது சொல்லும்வரை விடவில்லை. சொன்னதும் அங்கிருந்த பெரியவர்கள் கைதட்டிய சத்தம் கடைவரைக்கும் வந்தது. பாய் தாழ்ப்பாளை எடுத்து வைப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அப்படித்தான்.

வகுப்பு முடிந்து கொஞ்ச நேரத்தில் டீச்சர் கதவருகில் வந்து நின்றார். "அடுத்த சனிக்கிழமையும் என்னையே வரச் சொல்லிட்டாங்க" என்றார். பாயின் அம்மா அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு முறை சோதித்துவிடலாம் என்று மெஷினை அணைத்துப் போட்டேன். வேலை செய்தவன் கிளம்பும்போது ஒரு முறை சோதிக்க வேண்டும், அதுவும் பழக்கம். நாற்காலியில் உட்கார்ந்து, நிமிர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டு, வழக்கமான வேகத்தில் மழை என்று அடித்தேன்.

தவறு என்றது.

என்னை அறியாமல் மறுபடி அடித்தேன். தவறு. கட்டிலில் இருந்த பாயின் அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ஒங்க கைராசி இன்னா ஆச்சு?"

டீச்சர் பக்கத்தில் வந்தார். ஒரு விரலால், குனிந்து பார்த்து, நிதானமாக அடித்தார். திறந்தது.

"தேடி அடிங்க சார்" என்றார். "எல்லாம் அங்கதான் இருக்கும்."